பிரம்மநாயகத்தின் போணி

என் அண்ணன் அனந்தநாராயணனுக்குத் தொழில் செய்வதைவிடத் தொழில் பற்றிய அறிவுரைகள் மேல்தான் பிரியம் அதிகம். எண்பத்தேழாம் வருஷம் அவன் வேலையை விட்டதும், தங்கையான என்னையும் விடவைத்ததும் ஒரு மாலைக் கூட்டத்தில் கேட்ட பேச்சினால்தான். மாட்டுங்காவில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு மண்டபத்தில், அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டு வந்த ஒருவர், புதிதாகக் கம்ப்யூட்டர் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வாடிக்கையாளர்களைப் பிடிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். முதல் வாடிக்கையாளரைக் கோயில் கொடிமரம் மாதிரி எல்லோர் கண்ணிலும் படும்படி நட்டுவைக்க வேண்டுமாம். அவரைச் சுற்றி ஒரு கூட்டத்தைக் கட்ட வேண்டுமாம். கூட்டம் சேர்ந்துவிட்டால் சரக்கு தானாக விற்குமாம். அந்த மனிதர் அதுவரை பிடித்திருந்த வாடிக்கையாளர்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த நாங்கள்தான். இதை அண்ணனிடம் சொன்னேன். அவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில், தோல் பை தைக்கும் பட்டறைகளுக்கு நடுவே மாடியில் ஓர் அறை பிடித்தோம். லாமிங்டன் ரோட்டு வியாபாரி ஒருவர் ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் தீபாவளி வரை எங்களிடம் விட்டுவைக்கச் சம்மதித்தார். அதற்குள் பத்துக் கடைகள் மாதச் சந்தாவுக்குச் சேர்ந்துவிட்டால் இயந்திரம் எங்களிடமே தங்கும். சேராவிட்டால் டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அண்ணனுக்கு டெம்போ வந்தால் பெரிய நஷ்டமில்லை. அவனுக்கு நாக்பூரில் ஒரு வேலை காத்திருந்தது. எனக்குத்தான் எதுவும் காத்திருக்கவில்லை. கடைக்காரர்கள் சாயங்காலம் அன்றைய பில்களைக் கொண்டுவந்து கொடுத்தால், என்ன சரக்கு வந்தது, என்ன போனது, அலமாரியில் என்ன மிச்சம் என்று அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றை அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எழுதியிருந்தேன். இயந்திரம் போய்விட்டால் அது இரண்டு ஃப்ளாப்பிகளுக்குள் கிடக்கும். அதைப் போட்டு ஓட்ட இந்த ஊரில் எனக்கு யார் இன்னொரு இயந்திரம் தரப்போகிறார்கள்? பழைய ஆபீசில் கடிதம் டைப் அடிக்கக் கூப்பிடுவார்கள். போக வேண்டியதுதான்.

வாடிக்கையாளரை அவர் மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் பிடி என்று அந்தப் பேச்சாளர் சொல்லியிருந்தார். ஆகையால் அண்ணன் தினமும் காலையில், கடைகளின் ஷட்டர் ஏறும்போதே போய் நின்றான். தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி காட்டி, முதல் வியாபாரத்துக்காகக் காத்திருக்கும் மனிதர்களிடம், மாதச் சந்தா கொடு என்று கை நீட்டினான். போணி ஆவதற்கு முன்னால் கல்லாவிலிருந்து காசை எடுக்கிறவன் அந்தத் தெருவில் கிடையாது. பை வியாபாரி ஜெயினுலாப்தீன் மட்டும்தான் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மற்றவர்கள் அவனைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். விடாமுயற்சியும் குறிப்பில் இருந்ததால் அண்ணன் மறுநாளும் அதே நேரத்துக்குப் போனான். அந்தத் தெருவின் பல கடைகளுக்கு ஒரு மாதம் காலை விடிந்ததே அவன் முகத்தில்தான். அதுவே எங்களுக்குப் போதுமான கெட்ட பெயர் என்று நினைத்திருந்தேன்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பிரம்மநாயகம் தாமாகவே மாடி ஏறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். பைகளுக்கு வேண்டிய ஜிப், பக்கிள், பித்தளை வளையம் எல்லாம் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். சலவைச் சட்டையும் திருநீறுமாக, பெண் பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்துடன் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். அண்ணன் கம்ப்யூட்டரின் பெருமைகளைச் சொல்லத் தொடங்கினான். அவருக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

“உங்களுக்கு இன்னும் யாரும் போணி பண்ணலியோ?” என்று கேட்டார்.

“நீங்கதான் சார் முதல்.”

“மெய்யாத்தானா?”

“சத்தியமா.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே புது நோட்டுகளும் மேலே ஒரு வெற்றிலையும் இருந்தன. சந்தாத் தொகை என்ன என்பதை முன்பே எங்கோ விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டு கைகளாலும் உறையை நீட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தார். அண்ணன் அதை இழுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பில்களோடு வந்து, அச்சாகி முடியும்வரை உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அண்ணன் பேசுகிற அறையில் பேசாத ஒருவர் இருப்பது மின்விசிறி போட்ட மாதிரி இருந்தது. தாளை வாங்கி வரி வரியாகப் படிப்பார். ஒரே ஜிப்பு இரண்டு இடத்தில் வந்திருந்தால் மறுநாள் சொல்வார். நான் திருத்துவேன். வாடிக்கையாளர் என்று ஒருவர் இருந்தால் இப்படித்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனுக்குத் தோன்றியது வேறு. கொடிமரம் கிடைத்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

பிரம்மநாயகத்தை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தான். ‘எங்கள் முதல் வாடிக்கையாளர்’ என்று தமிழிலும் இந்தியிலும் நோட்டீஸ் அடித்து, சயான் பக்கத்திலிருந்து லேபர் கேம்ப் வரை கடை கடையாகக் கொடுத்தான். படத்தைப் பெரிதாக்கித் தட்டியில் ஒட்டி மாடிப்படியின் அடியில் வைத்தான். ‘தாராவி கம்ப்யூட்டர் நண்பர்கள்’ என்று ஒரு சங்கத்துக்குப் பெயரும் சூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் காப்பிக்கும் வடைக்கும் அழைத்தான். சேருவதாக அரை மனதாகச் சொல்லியிருந்த இரண்டு கடைக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைப்பதாகத் திட்டம்.

ஆட்கள் வரத்தான் வந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படியடிக்கு வருவார்கள், தட்டியைப் பார்ப்பார்கள், யாரோ கூப்பிட்டது மாதிரி திரும்பிப் போய்விடுவார்கள். செருப்பைக் கழற்றிய ஒருவர் மறுபடி மாட்டிக்கொண்டு போனார். மேலே பிரம்மநாயகமும் நாங்களும் காலி நாற்காலிகளும் இருந்தோம். அரை மனதுக்காரர்கள் இருவரும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். வடைகளைக் கீழ்ப் பட்டறையில் தைப்பவர்களுக்குக் கொடுத்தோம். பிரம்மநாயகம் ஒரு வடையும் சாப்பிடவில்லை. என்ன நடக்கிறது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

எங்களுக்குச் சொன்னவர் கரீம் பாட்சா. அந்தத் தெருவிலேயே பெரிய தோல் பைப் பட்டறை அவருடையது. யார் புதுக் கடை திறந்தாலும் முதல் சரக்கை வாங்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை பட்டால் கடை நிலைத்து நிற்கும் என்று பெயர். அதே தெருவில் அதற்கு நேர் எதிரான பெயர் பிரம்மநாயகத்துக்கு இருந்தது. அவர் போணி செய்த இனிப்புக் கடை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அவர் முதல் சவாரி போன டாக்சி மறுநாளே லாரியில் மோதியது. அவர் முதல் டிக்கெட் வாங்கிய வீடியோ பார்லரைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். இனிப்புக் கடைக்காரர் குடித்தே கடையை அழித்தவர் என்பதும், அந்த டிரைவர் ஏற்கெனவே இரண்டு வண்டிகளை மோதியவர் என்பதும், வீடியோ பார்லருக்கு லைசென்ஸே கிடையாது என்பதும் தெருவுக்கே தெரியும். தெரிந்து என்ன.

“நல்ல மனுசன் தம்பி. ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. கையிலதான் பரக்கத் இல்ல, ராசி இல்ல” என்றார் கரீம் பாட்சா.

அண்ணன் சிரித்துவிட்டு, நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டான்.

“நானா? தவ்பா, தவ்பா. பரக்கத் அல்லா குடுக்கறது. மனுசன் கையில என்ன இருக்கு? ஆனா என்கிட்ட சரக்கு எடுக்கறவன் நம்புறானே.”

பிறகு விசாரித்ததில் ஜெயினுலாப்தீனும் நம்பவில்லை என்று தெரிந்தது. அவருடைய பங்காளி நம்புகிறாராம். பங்காளியைக் கேட்டால், தனக்கு ஒன்றுமில்லை, பட்டறை ஆட்கள்தான் பயப்படுகிறார்கள் என்றார். நம்புகிற ஆள் எப்போதும் அடுத்த கடையிலேயே இருந்தான். அவனைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அண்ணன் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினான். இந்த நாடு ஏன் முன்னேறவில்லை என்பது ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கமே விளங்கிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னான்: “ஒரு வழி இருக்கு விசாலம்.”

வழி கரீம் பாட்சா சொல்லியிருந்ததுதான். போணிப் பணத்தைப் பிரம்மநாயகத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் மனமுவந்து வாங்கிக்கொண்டால் அந்தப் போணி இல்லையென்று ஆகிவிடும். பிறகு கரீம் பாட்சா வந்து புதிதாகத் தொடங்கிவைப்பார். அவர் வந்தால் பத்துக் கடை அல்ல, பதினைந்தே வரும்.

“நீயே போய்க் குடு,” என்றேன்.

“நீ போனாத்தான் மரியாதையா இருக்கும். அவருக்கு உன்கிட்ட ஒரு இது இருக்கு.”

மரியாதை தேவைப்படும் காரியங்களை என் தலையில் கட்டுவது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். போனேன். என் இயந்திரத்துக்காகத்தான் போனேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பிரம்மநாயகம் யாருக்கோ பக்கிள் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போனதும் உறையை மேஜை மேல் வைத்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவர் உறையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பக்கத்தில் யாரோ தோலைப் பலகையில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பாட்சா சொன்னாரோ?”

“எல்லாரும்தான்.”

“ம். எல்லாரும்.” மேஜையில் சிதறிக் கிடந்த வளையங்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார். “ஒருத்தனும் இன்னைக்கு வரைக்கும் என் மொகத்துக்கு நேரா சொன்னதில்லம்மா. கடை தொறக்காங்கன்னா எனக்கும் பத்திரிகை வரும். என் பத்திரிகையில மட்டும் நேரத்தத் தள்ளிப் போட்டிருப்பாங்க. நான் போறப்ப போணி முடிஞ்சிருக்கும். சர்பத்து குடுப்பாங்க, குடிச்சிட்டு வருவேன்.”

உறையை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார்.

“நீங்க மாட்டுங்கா ஆளுக. உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். அது என் தப்புதான். ஆனா இத நான் திருப்பி வாங்கிட்டேன்னு வைங்க, ஆமா, என் கை கெட்ட கைதான்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். வாங்க மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது.”

உறையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வற்புறுத்தவில்லை. கடைப் படியிறங்கும்போது தீபாவளி எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

அண்ணன் இரண்டு நாள் பேசாமலிருந்தான். அது நல்ல அறிகுறி அல்ல. மூன்றாம் நாள் ஒரு பெயின்டரோடு வந்தான். பழைய போர்டைக் கழற்றிவிட்டு, சிவப்பும் மஞ்சளுமாக ‘நியூ லக்கி கம்ப்யூட்டர் சென்டர்’ என்று எழுதச் சொன்னான். போணி என்பது ஒரு கம்பெனிக்குச் செய்தது; அந்தக் கம்பெனியே மூடிவிட்டால் போணியும் அதோடு போய்விட்டது; இது வேறு கம்பெனி. கரீம் பாட்சாவுக்கு இது முழுத் திருப்தி. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசியே ரயில் பாலத்தைக் கடந்தவன், தன் கம்பெனிக்கு லக்கி என்று பெயர் வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அப்போ அவர் போணி பண்ணின கடை இன்னொண்ணும் மூடிடுத்துன்னு ஆகும்,” என்றேன்.

“டெக்னிகலா பார்த்தா அப்படித்தான். ஆனா நமக்குக் கடை கிடைக்கும். வாடிக்கையாளர் என்ன கேக்கறாரோ அதைக் குடுக்கணும் விசாலம்.”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இனிப்புக் கடை, டாக்சி, வீடியோ பார்லர், இப்போது கம்ப்யூட்டர். கம்பெனியை மூடியவன் என் அண்ணன். பெயர் விழுந்தது ஜிப்புக் கடைக்காரருக்கு. இதுவரை சந்தேகப்பட்டவர்கள்கூட இனிச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்தக் கை பட்டால் கடை நிற்காது என்பதற்கு முதல்முறையாகப் பொய்யில்லாத சாட்சி ஒன்றை மாட்டுங்காவிலிருந்து வந்த படித்தவர்கள் தயாரித்துக் கொடுத்திருந்தோம்.

புரோகிராமில் பிரம்மநாயகத்தின் பெயரை எடுத்துவிட்டுக் கரீம் பாட்சாவை ஒன்றாம் எண்ணாகப் போடும்படி அண்ணன் சொன்னான். தாள்கள் எண் வரிசைப்படிதான் அச்சாகும். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் மௌனம் எப்போதும் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படும். உண்மையில் நான் இரண்டு ஃப்ளாப்பிகள் தயார் செய்தேன். ஒன்றில் கரீம் பாட்சா முதலாவது, பிரம்மநாயகம் இல்லை. மற்றதில் பிரம்மநாயகம் இருந்த இடத்திலேயே இருந்தார். பாட்சாவும் புதிதாகச் சேர்ந்தவர்களும் அவருக்குப் பின்னால். எதைப் போடப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு விழா. அறை நிறைந்துவிட்டது, படியிலும் ஆட்கள். சேருகிறவர்கள் அன்றைய பில்களை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். கரீம் பாட்சா வெள்ளை ஜிப்பாவும் அத்தருமாக வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அண்ணன் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் அசைவு. பிரம்மநாயகம். அவரை யாரும் அழைக்கவில்லை. எப்போதும் வரும் நேரத்துக்கு, எப்போதும் போலப் பில்களோடு வந்திருந்தார். படியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டிருந்தார்கள்.

“பழைய கம்பெனிய மூடிட்டீங்களாமே தம்பி?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அண்ணன் சிரித்தான். “மூடல சார்… ஒரு ரீஆர்கனைசேஷன்.”

யாரோ இருமினார்கள். ஜெயினுலாப்தீன் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரம்மநாயகம் தலையசைத்துவிட்டு, பில்களை நீட்டினார். வாங்க ஒரு கையும் வரவில்லை. நான் எழுந்து போய் வாங்கினேன். திரும்பி வந்து, எல்லோரும் காத்திருக்க, அவருடைய பில்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். எந்த ஃப்ளாப்பியில் ஏற்றுகிறேன் என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. இவர்களில் பாதிப் பேர் இறங்கிப் போனாலும் போதும், டெம்போ வந்துவிடும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஓர் எண்ணை இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது.

“அழுத்துங்கோ பாய்,” என்றான் அண்ணன்.

கரீம் பாட்சா பிஸ்மில்லா சொல்லி அழுத்தினார். பிரிண்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிறீச்சிட்டது. தாளின் தலைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பிரம்மநாயகத்தின் பெயர் இடமிருந்து வலமாக வந்தது. கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அது தெரிகிற தூரமில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது. கரீம் பாட்சாவுக்கும் தெரிந்தது. அவர் ஆங்கிலத்தில் ஏற்றுமதிக் கடிதம் படிக்கிறவர். பொத்தான் மேல் இருந்த விரலை எடுத்து, கைக்குட்டையால் துடைத்தார். என்னைப் பார்த்தார். இப்போது அவர் வாயைத் திறந்தால் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் அழுத்தியது அவருடைய கை. கலைந்தால் அந்தக் கை தொடங்கிவைத்த கடை முதல் நாளே மூடியதாக ஆகும்.

கரீம் பாட்சா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“மாஷா அல்லா. நல்லா வந்திருக்கு,” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். பாட்சாவே சொல்லிவிட்ட பிறகு முதல் தாள் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரம்மநாயகத்தின் தாளைக் கிழித்து வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி, தலைப்பிலிருந்து தொடங்கி வரி வரியாகப் படித்தார். அவசரப்படவில்லை. பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கும் இதே நேரத்துக்கு வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன்.

வடை சுற்றத் தொடங்கியது. அண்ணன் யாரிடமோ, கூட்டத்தைக் கட்டுவதுதான் தொழிலின் ரகசியம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் பிரிண்டருக்குத் திரும்பியபோது கரீம் பாட்சா குனிந்து, தன் பெயர் வந்துகொண்டிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னை ரெண்டாவதாவா போட்டீங்க?”

“ஆமா பாய்.”

அவர் அத்தர் மணக்க என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வெளிய சொல்லிக்கிடாதீங்க, தங்கச்சி.”

தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். ஜெயினுலாப்தீனின் தாள் ஏற்கெனவே வரத் தொடங்கியிருந்தது.